நல்லெண்ணெய் போட்ட துப்பாக்கி

மே 26, 2014, திங்கள்

உரக் கம்பெனி என் வீட்டுக்காரருக்குக் கொடுத்த டைரி இது. ஏப்ரல் ஒன்பதாம் தேதி வரை மழை அளவு எழுதி வைத்திருக்கிறார். பத்தாம் தேதி செத்துப்போனார். மீதிப் பக்கங்களை எதற்கு வீணாக்குவது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

காலையில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன். தேர்தல் முடிந்துவிட்டது, ஒப்படைத்த துப்பாக்கிகளை வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார் ரைட்டர்.

"தண்டபாணி சார் இருக்காரா?"

"இல்ல."

"எப்ப வருவாரு?"

"வரமாட்டார். ஏப்ரல்ல போயிட்டார்."

"எங்க போயிருக்காரு?"

அவருக்கே புரிந்து "ஐயையோ" என்றார். பிறகு சட்டத்தைச் சொன்னார். லைசென்ஸ் அவர் பெயரில் இருந்தது, அவர் போனதோடு அதுவும் போயிற்று. என்னிடம் துப்பாக்கியைத் தர முடியாது. ஸ்டேஷனிலும் ரொம்ப நாள் வைத்திருக்க முடியாது, அலமாரியில் எலி. லைசென்ஸ் உள்ள வியாபாரி யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, விற்கிறதானால் விற்கலாம், வேண்டுமானால் என் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு எழுதலாம். இத்தனையையும் வலது காதில்தான் கேட்டேன். இடது காது அறுபத்தொன்பதிலிருந்து மந்தம்.

சாயங்காலம் பெங்களூரிலிருந்து ஞானவேல் பேசினான். அப்பா போனதிலிருந்து மகனுக்கு ஒரே பாட்டுத்தான். எஸ்டேட்டை விற்றுவிட்டு அவன் ஃபிளாட்டுக்கு வந்துவிட வேண்டும். பதினோராவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர் ஃபிளாட்டின் ஜன்னல்.

"பன்னி வருது, யானை வருது. அப்பா இருந்தாரு, துப்பாக்கி இருந்துச்சு, சரி. இப்ப என்னம்மா இருக்கு உன்கிட்ட?"

"துப்பாக்கி இருந்தா நான் இங்கேயே இருக்கலாமா?"

சிரித்தான். "அறுபத்தேழு வயசுல உனக்கு எவன் லைசென்ஸ் குடுப்பான்? குடுத்தா இரு. நான் அப்புறம் வாயத் தொறக்கமாட்டேன்."

இதைத் தேதியோடு எழுதி வைக்கிறேன்.

மே 29, வியாழன்

மலையிறங்கி ஸ்டேஷனுக்குப் போய் வந்தேன். மதுரையிலிருந்து கமாலுதீன் பாய் வந்திருந்தார். துப்பாக்கி வியாபாரி, பழைய துப்பாக்கிகளுக்கு வயதும் விலையும் சொல்கிறவர். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கலாம். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பூதக்கண்ணாடி, வாயில் எப்போதும் ஏலக்காய்.

இரண்டு துப்பாக்கிகளையும் மேஜைமேல் வைத்தார்கள். ஒன்று இரட்டைக்குழல் ரைபிள். இங்கிலாந்தில் செய்தது, பக்கவாட்டில் மான் செதுக்கியிருக்கும். இதை வைத்துத்தான் என் வீட்டுக்காரர் சிறுத்தைத் தண்டபாணி ஆனார். அறுபத்தொன்பதில் எங்கள் எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லைனில் இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு போன சிறுத்தையைச் சுட்டது இந்த ரைபிள்தான் என்பது மலை முழுக்கத் தெரிந்த கதை. செத்த சிறுத்தைமேல் கால் வைத்துக்கொண்டு அவர் நிற்கிற போட்டோ எஸ்டேட்காரர்கள் கிளப்பில் இருக்கிறது. அதன் தோலும் அங்கேதான். ரைபிள் 1870-இல் ஒரு கவர்னருக்காகச் செய்தது என்றும் சொல்வார். இரண்டாவது பெக்குக்கு மேல் போனால் கவர்னர் வைஸ்ராய் ஆகிவிடுவார்.

இன்னொன்று ஒற்றைக்குழல் பன்னிரண்டு போர், ஒரே தோட்டாவில் பல ரவை சிதறுகிற துப்பாக்கி. நம் நாட்டில் செய்தது. பன்றி விரட்ட வாங்கினோம். அதைப் பற்றி யாரும் எதுவும் சொன்னது கிடையாது.

"ரெண்டையும் வித்துரலாமாம்மா?" என்றார் பாய்.

"பெரியதை வித்துக்கலாம். சின்னதை நான் வச்சுக்கறேன். என் பேருக்கு எழுதிப் போடணும்."

அவர் ரைபிளைப் பார்த்தார், ஒற்றைக்குழலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எல்லாரும் இதைத் தலைகீழாத்தாம்மா கேப்பாங்க."

ஜூன் 3, செவ்வாய்

மதுரை. பாயின் கடை. ஃபேன் சத்தத்தில் அவர் பேசியது பாதிதான் கேட்டது. இரண்டு தடவை "ஆங்?" என்றேன். எழுந்து நாற்காலியை என் வலது பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் இடதுதாம்மா மந்தம். வலது தோள்ல வச்சுச் சுடுறவங்களுக்கு இடது காதுதான் குழலுக்குக் கிட்ட இருக்கும். அதான் மொதல்ல போகும்."

"எனக்குக் குளிர்காத்து பட்டது" என்றேன்.

"மலைல குளிருதான்" என்றார்.

ரைபிளின் முத்திரைகள் ஒன்றும் தெரியவில்லை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அவர் பூசிய சந்தனம் எழுத்துகளுக்குள் போய்ச் சிமெண்டாக இறுகிக் கிடந்தது. பாய் பல்குச்சியை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நோண்டி எடுத்தார். முதலில் ஒரு கிரீடம் வந்தது, பிறகு ஓர் எழுத்து, கடைசியில் லண்டன் தெரு ஒன்றின் பெயர். ஒரு தடிப் புத்தகத்தைப் புரட்டினார். அந்தக் கம்பெனி அந்தத் தெருவுக்குக் குடிபோனதே 1927-இல்தான். யுத்தத்துக்குப் பிறகு இப்படிச் செதுக்குவதை விட்டுவிட்டார்கள்.

"அதனால இது முப்பதை ஒட்டிச் செஞ்சது. ஐயா சொன்ன கவர்னரு அப்ப இருந்திருக்கமாட்டாரு."

"வைஸ்ராயும்தான்" என்றேன்.

பிறகு குழலைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. மூக்கை வைத்து மோந்தார். திரும்ப மோந்தார்.

"ஏம்மா, இதுக்கு என்ன எண்ணெய் போடுவாரு?"

"நல்லெண்ணெய்."

"துப்பாக்கிக்கா?"

"தலைக்கும் அதுதான். மூலையில கிடந்த தையல் மெஷினுக்கும் அதுதான்."

"அல்லாவே" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நாற்பத்தைந்து வருஷ நல்லெண்ணெய் உள்ளே பலாப்பிசின் மாதிரி ஆகியிருக்கிறதாம். ஊறவைத்துச் சுரண்டப் பத்து நாளாகும் என்றார்.

ஒற்றைக்குழலை எடுத்தபோது அவர் பேச்சு குறைந்தது. கட்டையின் பின்பக்கத்தைத் தச்சர் யாரோ இரண்டு அங்குலம் அறுத்திருப்பதைத் தடவிப் பார்த்தார். உதை தாங்குவதற்காக அந்த இடத்தில் ஒரு ரப்பர் துண்டு ஆணியடித்திருக்கிறது. வீட்டுச் செருப்பில் வெட்டியது. செருப்பின் பூ டிசைன் இன்னும் தெரிகிறது.

"ஐயா நல்ல உசரமோ?"

"ஆறடி."

"இது அஞ்சடிக்காரங்க தோளுக்கு அறுத்த கட்டை."

"தச்சன் தப்பா அளந்திருப்பான்."

பாய் என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பு நழுவியிருக்கிறதோ என்று சரிசெய்துகொண்டேன்.

ஜூன் 7, சனி

பன்றி. வாழையில் பாதி போயிற்று. எஸ்டேட்டில் அந்தக் காலத்திலிருந்து வேலை செய்கிற பேச்சியும் நானும் தகரம் தட்டினோம். அவை கேட்டுக்கொண்டே சாப்பிட்டன.

ஜூன் 13, வெள்ளி

பாயிடமிருந்து போன். குழல் சுத்தமாகிவிட்டது.

"அம்மா, நான் சொல்றதத் தப்பா எடுத்துக்கக்கூடாது. நல்லெண்ணெய்க்கு அடியில என்ன இருக்குன்னு நெனைக்கிறீங்க? கம்பெனிக்காரன் வச்ச கிரீசு. அப்படியே இருக்கு. தோட்டா வெடிச்சா அடிப்பக்க இரும்புல வட்டமாத் தடம் விழும். அது சுத்தமா இல்ல. கம்பெனில சோதிச்சுப் பாத்ததத் தவிர இந்த ரைபிள யாரும் ஒரு தடவகூடச் சுட்டதில்ல."

ஒரு கையால் அடுப்பிலிருந்து பாலை இறக்கினேன்.

"இன்னொண்ணு. சுடாத ரைபிளு இந்தியாவுல எங்க கெடைக்கும்? ஐதராபாத்துல ஒருத்தரு இருக்காரு. சுடாததுன்னு நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா பன்னெண்டு லட்சம் தருவாரு. சுட்டதுன்னா அதுல பாதிகூட வராது."

ஞானவேலுக்குச் சொன்னேன். பன்னிரண்டு லட்சம் என்றதும் குரலே மாறிவிட்டது. பிறகுதான் மற்றது உறைத்தது.

"அப்ப சிறுத்தை எப்படிம்மா செத்துச்சு?"

"இவரைப் பாத்துப் பயத்துல செத்திருக்கும்."

"வெளயாடாத. பாய்கிட்ட ரெண்டையும் சேத்து எழுதச் சொல்லு. சிறுத்தையச் சுட்ட ரைபிள், ஆனா சுடாதது."

எம்.டெக். படித்தவன்.

ஜூன் 15, ஞாயிறு

கிளப் செயலாளர் தேவசகாயம் வந்தார். ரைபிளை விற்கிறோம் என்று எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறார். விற்கவே கூடாது, அது மலையின் சொத்து, கிளப்பில் கண்ணாடிப் பெட்டி செய்து, தோலுக்குக் கீழே வைத்து, பித்தளைத் தகட்டில் சிறுத்தைத் தண்டபாணி என்று பொறித்துவிடலாம் என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"அந்தக் காலத்து ஆம்பளைங்க, அக்கா. ஒத்த குண்டு. சிறுத்தை சுருண்டுருச்சு. அண்ணன் சொல்லக் கேக்கணும்."

"கேட்டிருக்கேன்" என்றேன். கிளப்பில் முந்நூறு தடவையாவது கேட்டிருப்பேன். சிறுத்தை வருஷத்துக்கு ஓர் அங்குலம் வளர்ந்து கடைசியில் புலி அளவுக்கு வந்துவிட்டது.

ஜூன் 16, திங்கள்

குளியலறைத் தாழ்ப்பாள் மறுபடியும் சிக்கிக்கொண்டது. அறுபத்தொன்பதில் உள்ளேயிருந்து ஒருவர் அவ்வளவு பலமாகப் போட்டதில் வளைந்தது. மாற்றிவிடலாம் தாயி என்று பேச்சி வருஷா வருஷம் சொல்கிறாள். மாற்ற மனம் வரவில்லை.

ஜூன் 21, சனி

பாய் மலையேறி வந்தார். ரைபிளின் கதையையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டுமாம். நானும் கிளப்புக்குப் போனேன். தேவசகாயம் எங்களைத் தோலுக்கு முன்னால் நிறுத்தி, கைகளை ஆட்டிக் கதை சொன்னார். பாய் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு தோளிலிருந்து வயிறு வரை மெதுவாக நகர்ந்தார்.

"இந்த ரைபிளு அடிச்சா ஒரே ஓட்டைதான் சார். என் பெருவிரல் போற அளவுக்கு இருக்கும். இதுல சின்னச் சின்னதா எட்டோ ஒம்பதோ இருக்கு. உள்பக்கமா ஒட்டுப்போட்டிருக்காங்க."

"அது பூச்சி அரிச்சது பாய்."

"ஒரே எடத்துலயா?"

"மலைப் பூச்சி" என்றார் தேவசகாயம்.

நாற்பத்தைந்து வருஷமாக அந்தத் தோலுக்குக் கீழே உட்கார்ந்து சீட்டாடியிருக்கிறார்கள். ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

பாய் போட்டோவையும் பார்த்தார். நடுவில் ரைபிளோடு அவர், தலை ஈரமாக இருக்கிறது. ஓரத்தில் பேச்சியும் நானும். வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. படத்தில் நன்றாக விழவில்லை.

வெளியே காரில் ஏறும்போது பாய் என் வலது பக்கமாக வந்து நின்றுகொண்டு பேசினார்.

"சிறுத்தையச் சுட்டதுன்னு நான் எழுதமாட்டேம்மா, அது பொய். சுடாததுன்னு எழுதச் சொன்னா எழுதுறேன். இல்ல, வயசை மட்டும் எழுதிட்டு வாயை மூடிக்கச் சொன்னா மூடிக்கிறேன். கெளப்புல கண்ணாடிப் பெட்டில வச்சுக்கிடட்டும். நீங்கதான் சொல்லணும்."

"வயசை மட்டும் எழுதுங்க" என்றேன்.

செத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் எதற்கு.

ஜூன் 24, செவ்வாய்

லைசென்ஸ் விசாரணைக்கு இன்ஸ்பெக்டர் துரைப்பாண்டி வந்தார். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"உங்களுக்குத் துப்பாக்கி எதுக்கும்மா? பட்டாசு போட்டா பன்னி ஓடிரும்."

"பட்டாசுக்குப் பழகிருச்சு."

"சரி, சுடத் தெரியுமா?"

அந்த இடத்தில் நின்றுவிட்டேன். தெரியும் என்றால் எங்கே, எப்போது, யார் லைசென்ஸில் என்பார். தெரியாது என்றால் பெங்களூர்.

"பார்த்திருக்கேன்" என்றேன்.

"பார்த்திருப்பீங்க. சார் வேட்டைக்குப் போறப்ப எடுத்துக் குடுத்திருப்பீங்க. வந்ததும் காப்பி போட்டுக் குடுத்திருப்பீங்க." சிரித்துக்கொண்டே குறிப்பில் எழுதினார். தலைகீழாகவும் எனக்கு வாசிக்க வரும். 'முன் அனுபவம் இல்லை. வயது அதிகம். பரிந்துரைக்க இயலாது.'

இரண்டாவது காப்பி கேட்டார். சர்க்கரை போடாமல் கொடுத்தேன்.

ஜூன் 25, புதன்

ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை என்று எழுதினால் பொய். நன்றாகத் தூங்கினேன். ஆனால் எழுந்ததும் கோபம் அப்படியே இருந்தது.

மிளகு காயவைத்துக்கொண்டிருந்த பேச்சியிடம் இன்ஸ்பெக்டர் எழுதியதைச் சொன்னேன். அவள் மிளகைக் கையால் பரப்பிக்கொண்டே இருந்தாள். அவள் தங்கையைத்தான் அந்தச் சிறுத்தை இரண்டாவதாகத் தூக்கியது. சிறுத்தை விழுந்த அன்றைக்குக் காலையில் புழக்கடையில் என்னோடு நின்றவளும் அவள் ஒருத்திதான்.

"ஐயா பேரு கெட்டுரும்னு பாக்கிறியாக்கும்?"

"ஊர் சிரிக்கும் பேச்சி."

"சிரிச்சா சிரிக்கட்டும். அவரு இருக்கும்போதே நான் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். செத்தவருக்கு என்ன வந்துச்சு? பெங்களூருக்குப் போகப்போறது நீயில்ல?"

அவரைப் பற்றி ஒன்று எழுதியாக வேண்டும். கிளப்பில் எப்படி அளந்தாலும், வீட்டுக்குள் அந்தக் கதையை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆயுத பூஜைக்கு ரைபிளுக்கு ஒரு பொட்டு வைப்பார். ஒற்றைக்குழலுக்கு மூன்று. பிறகு அதே விரலால் என் நெற்றியில் ஒன்று. கண்ணைப் பார்க்கமாட்டார். நான் பார்ப்பேன்.

பாய்க்குப் போன் போட்டேன். "முழுசா எழுதுங்க பாய். சுடாததுன்னு. ஒரு நகல் இன்ஸ்பெக்டருக்கு அனுப்புங்க. ஒற்றைக்குழலைப் பத்தியும் எழுதுங்க, கட்டையோட நீளத்தோட."

"செருப்பையுமாம்மா?"

"செருப்பையும்."

ஜூலை 5, சனி

மதுரைக்கு வெளியே ரைபிள் கிளப் மைதானம். இங்கே வந்து சுட்டுக் காட்டச் சொல்லியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் துரைப்பாண்டி பாயின் காகிதத்தைப் படித்துவிட்டு, தோலையும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஞானவேல் பெங்களூரிலிருந்து காரில் வந்தான். நான் தோற்றதும் அப்படியே ஏற்றிக்கொண்டு போகலாம் என்று பின்சீட்டைக் காலியாக வைத்திருந்தான்.

"நேராவே கேக்குறேன்மா, அந்தச் சிறுத்தைய..." என்று இழுத்தார் இன்ஸ்பெக்டர்.

"சுடச் சொல்றீங்களா, கதை சொல்லச் சொல்றீங்களா?"

பாய் இருமினார். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டினார்.

கம்பத்தில் ஒரு டால்டா டின் வைத்திருந்தார்கள். கட்டை தோளில் வந்து உட்கார்ந்தது. செருப்பு ரப்பர் கொஞ்சம் இறுகியிருக்கிறது, மற்றபடி அதே இடம். பாய் தந்த பஞ்சை இடது காதில் மட்டும் வைத்துக்கொண்டேன். இனிமேல் எதற்கு என்று தோன்றினாலும் வைத்துக்கொண்டேன்.

டின் போன இடம் தெரியவில்லை.

"இன்னொண்ணு வைங்க" என்றார் இன்ஸ்பெக்டர். அதுவும் போயிற்று. மூன்றாவதை வைக்க வேண்டாம், டின் இல்லை என்றார் மைதானக்காரர்.

ஞானவேல் பக்கத்தில் வந்து நின்றான். டின் இருந்த கம்பத்தைப் பார்த்தான். பிறகு, "அப்பா அப்ப எங்கம்மா இருந்தாரு?" என்றான்.

"குளிச்சுக்கிட்டிருந்தார்."

இன்ஸ்பெக்டர் பழைய குறிப்பைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். இந்தத் தடவை தலைகீழாக வாசிக்கவில்லை. அவரே திருப்பிக் காட்டினார்.

பின்சீட்டில் வத்தலக்குண்டு வாழைத்தார் இரண்டை ஏற்றி அனுப்பிவைத்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ரைபிள் ஐதராபாத்துக்குப் போய்விட்டது. வேலி போட ஆட்கள் வந்திருக்கிறார்கள். கிளப்பில் கண்ணாடிப் பெட்டிக்குச் செய்த மேடையில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி வைத்திருக்கிறார்களாம். தேவசகாயம் என்னைக் கண்டால் சாலையின் அந்தப் பக்கம் போகிறார். தோல் மட்டும் அங்கேயே இருக்கிறது. பூச்சிமருந்து அடித்தார்களாம்.

அக்டோபர் 2, வியாழன்

காந்தி ஜெயந்தியும் ஆயுத பூஜையும் ஒரே நாளில் வந்துவிட்டன. இரண்டு பேருக்கும் மனத்தாங்கல் இல்லாமல் கொண்டாட வேண்டியிருந்தது.

லைசென்ஸ் போன வாரமே வந்துவிட்டது. ஒற்றைக்குழலுக்குப் பாய் கொடுத்த எண்ணெய்தான் போட்டேன். நல்லெண்ணெய் தோசைக்குப் போயிற்று. சந்தனம் எழுத்துக்குள் போகாமல் கட்டையில் மட்டும் மூன்று பொட்டு வைத்து, மேலே குங்குமம் இட்டேன். விரலில் கொஞ்சம் குங்குமம் மிச்சம் இருந்தது. துடைக்க மனமில்லை, நெற்றியில் வைத்துக்கொண்டேன். பேச்சி பார்த்தாள். சுண்டலை எடுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் மழை விட்ட நேரத்தில் பன்றிகள் வந்தன. மேட்டில் நின்று வானத்தைப் பார்த்து ஒரு தடவை சுட்டேன். காடே காலியாயிற்று. லைனிலிருந்து ஏழெட்டுப் பேர் ஓடி வந்தார்கள். பேச்சி கடைசியாக, ஓடாமல், நடந்து வந்தாள்.

"யாரு சுட்டது? யாரு சுட்டது?" என்றார் போன மாதம் வேலைக்குச் சேர்ந்த ஒருவர்.

பழக்கதோஷம், நான் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். குளியலறைக் கதவு திறந்தே கிடந்தது. யாரும் வரவில்லை.

"நான்தான்" என்றேன்.